வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஒரு நாளைக்கு நானூறு தடவை சரளா தன் ஓரகத்தியின் முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது.

ஈப்போ சிலிபினில் எண்ணெய் மில் நடக்கிற ஒரு கடைவீட்டின் பின்பக்கம் எண்ணெய் நிரப்பிய போத்தல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளின் நடுவில் பாப்பா சிரித்துக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே வளைந்த எழுத்தில் 'பாப்பா தேங்காய் எண்ணெய்'. லேபிளுக்கு அடியில் காற்று நின்றுவிட்டால் கடைக்காரர்கள் போத்தலைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் குமிழ் எப்போதும் கன்னத்துப் பக்கமே வந்து நிற்கும். சரளா அதை நசுக்கிக் காதுப் பக்கமாக வெளியே தள்ளுவாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நசுக்குவாள்.

அண்ணன் தனேஸ்வரனைக் கட்டியவள் சரளா. தம்பி தர்மாவைக் கட்டியவள் பாப்பா. முறைப்படி சரளா மூத்தவள். விசேஷ வீட்டு வாசலில் நிற்பவர்கள் முதல் 'வாங்க'வை அவளுக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சொன்னார்கள். பாப்பா மில்லுக்கு முதலாளியான பிறகு அவர்களுடைய கண் சரளாவின் தோளைத் தாண்டிப் போய்ப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடும். தேடி முடித்த பிறகு மிச்சமிருக்கிற 'வாங்க' சரளாவுக்கு வரும்.

கோயிலிலும் அப்படித்தான். தலையை நிமிர்த்தினால் ஃபேன் இறக்கையில் 'உபயம்: பாப்பா தர்மா' என்று எழுதியிருக்கும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் எழுத்துத் தெரியாது. அதனாலேயே சரளாவுக்குக் கோயிலுக்குள் நுழைந்ததும் புழுக்கமாக இருக்கும். "கொஞ்சம் கூட்டி வைங்க தம்பி" என்பாள். அவள் கோயிலில் வாய் திறந்து கேட்பது அது ஒன்றுதான்.

அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. புது மண்டபத்தின் கூரையே பாப்பாவின் உபயம். குடமுழுக்கு மலரில் அவளைப் பற்றி இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு போடுவதென்று கமிட்டி முடிவு செய்து, எழுதித் தரச் சொல்லி லக்ஷ்மிப்ரியா டீச்சரை அனுப்பியது. டீச்சர் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கைப்பேசியும் நோட்டுமாக மில்லுக்கு வந்து நின்றார்.

பாப்பா எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்து போனது.

"ஐயோ டீச்சர், எனக்குப் பேசல்லாம் வராதுலா. பேசினா அழுதுருவேன். அக்காகிட்ட கேளுங்க. என் கத முழுக்க அவங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கு என்னா தெரியும்?" என்றாள் சரளா, லேபிளைப் பார்த்துக்கொண்டே.

"பாருங்க டீச்சர், இப்படித்தான் சொல்லுவாங்க. நான் தோட்டத்துக்கு எந்தச் சேல கட்டிக்கிட்டு வந்தேன்னு கேளுங்க, அதக்கூடச் சொல்லுவாங்க."

ஊதா வாயில் சேலை. முந்தானையில் ஒரு இடத்தில் இஸ்திரி பட்டுக் கருகியிருந்தது. அதைப் பாப்பா ஊக்கு குத்தி மறைத்திருந்தாள். சரளாவுக்குத் தெரியும்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். புது ஆளைக் கண்டால் தரையைப் பார்ப்பாள். பேச்சில் போகாத நேரமெல்லாம் பார்ப்பதில் போனது. முப்பது வருடமாகப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தெய்வத்தைக்கூட யாரும் அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

டீச்சர் கைப்பேசியை லேபிள் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்தது. "சொல்லுங்க ஆன்ட்டி, எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிங்க."

முதலில் இரண்டு வாக்கியம் தடுக்கியது. பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, நிற்கவில்லை.

ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். பால் வெட்டுகிற வேலை போய்விட்டது. செம்பனைக் குலை வெட்ட ஆண்களைத்தான் எடுத்தார்கள். பெண்கள் லயத்து வீடுகளில் சும்மா இருந்தார்கள். சரளா மட்டும் டவுனில் தௌக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் எண்ணெய் மில்லில் வேலை தேடிக்கொண்டாள். தேங்காய்க் கொப்பரையை வெயிலில் காயவைத்து, ஈரம் பார்த்து, மூட்டை பிரித்துக் கொடுக்க வேண்டும்.

"அதுல நாந்தான் டீச்சர் கெட்டிக்காரி" என்றாள். சொன்ன பிறகு தரையைப் பார்த்தாள்.

பொய்யில்லை. அவளுக்கு மூக்கு அப்படி. மூட்டையைத் திறக்காமலேயே வெளியே நின்று மோந்து பார்த்து, 'இதுல ரெண்டு மூடி பூசணம் பிடிச்சிருக்கு, காறல் அடிக்கும்' என்பாள். கொட்டிப் பார்த்தால் இரண்டு இருக்கும். தௌக்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மூக்கைத் தொட்டுக் காட்டி, "ஹீடோங்! மாரி!" என்பார். மூக்கே, இங்கே வா. மில் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

பாப்பா கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம் அவளையும் சரளாதான் மில்லில் சேர்த்துவிட்டாள். "சேத்துவிட்டது நாந்தான். அதையும் எழுதிக்குங்க." பாப்பாவுக்கு நல்ல கொப்பரை எது, கெட்டது எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடாது. ஆனால் வாய் இருந்தது. மெஷின் ஓட்டுகிறவனிடம் இது ஏன் சுற்றுகிறது, அது ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். லாரிக்காரனிடம் எந்தக் கடைக்குப் போகிறது என்பாள். ஒரு நாள் தௌக்கேயிடமே, "எங்களுக்கு ஏன் தௌக்கே ஸ்டூல் இல்ல?" என்று கேட்டாள். மறுநாள் ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. ஏழு வருடமாகக் குந்தி உட்கார்ந்து வேலை செய்த சரளா அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

"அப்புறம் தௌக்கே மில்ல மூடுனாரு" என்றாள். "மக வீட்டோட போறேன்னாரு. எண்ணெய் ஆட்டுற மெஷின என்னா செய்யறதுன்னு…"

இங்கே நிறுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. முன்பக்கம் பாப்பா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. ரோட்டரிக்காரர்கள் யாரோ வந்திருக்கிறார்கள் போல. அந்தச் சிரிப்புதான் சரளாவைத் தள்ளிவிட்டது.

"மெஷின் மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு டீச்சர். என்னியதான் கூப்பிட்டாரு. 'பழைய இரும்புக்குப் போட மனசு வரல, நீ எடு, உன் மூக்குக்கு ஓடும்'னாரு. எங்க வீட்டுக்காரருதான் வேண்டாம்னுட்டாரு. அப்புறந்தான் அது பாப்பாவுக்குப் போச்சு."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா! இது யாருக்கும் தெரியாதே ஆன்ட்டி."

"சொன்னாத்தானே தெரியும்."

சொந்தக்காரர்களுக்கு அவள் சொல்லாமல் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், சாவு வீட்டு வாசலில், முப்பது வருடமாகச் சின்னக் குரலில் சொல்லி வந்ததுதான். தனேஸ்வரனைப் பார்த்து மச்சினன்மார்கள், "நீ மட்டும் அன்னைக்குத் தலைய ஆட்டியிருந்தா இன்னைக்கு நீதான்டா தௌக்கே" என்று சீண்டுவார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

சரளா மேலே சொன்னாள். பாப்பா அந்த மெஷினை லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்ததை, லயங்களை இடித்தபோது அதை லாரியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்ததை, ஒரு மெஷின் மூன்றானதை. வேலைக்கு எடுத்த பதினொரு பேரும் தோட்டத்துப் பெண்கள் என்பதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் விட்டதை. தைப்பிங்கிலிருந்து தெலுக் இந்தான் வரை கடைகளுக்கு எண்ணெய் போவதை.

"சாவு வீட்டுக்கெல்லாம் எண்ணெய் கொடுத்து விடுறாங்களாமே, அது எப்படி ஆன்ட்டி ஆரம்பிச்சது?"

அதையும் சொன்னாள். தர்மா இறந்த அன்று, குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர்கள் தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டிய நேரத்தில், எண்ணெய் மில் வைத்திருப்பவள் வீட்டில் எண்ணெய் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம். இருந்த போத்தலெல்லாம் கடைக்குப் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து சிலிபினிலும் குனோங் ராபாட்டிலும் எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் பாப்பா ஒரு போத்தல் அனுப்பிவிடுகிறாள். லேபிள் ஒட்டாத போத்தல். சிரிக்கிற முகம் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவளாகவே சொன்னாள்.

டீச்சரின் கண் கலங்கியது. சரளாவுக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கு வெறுங்காலோடு ஓடி, சைக்கிள் கடைக்குப் பக்கத்து மளிகைக் கடையில் எண்ணெய் வாங்கி வந்தது அவள்தான். அந்த ஓட்டத்துக்கு யார் கண்ணும் கலங்கியதில்லை.

"எழுதினதும் உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள அச்சுக்குப் போகணும்."

சரளாவின் கைப்பேசி பொத்தான் வைத்த பழைய வகை. பழக்கதோஷத்தில் கணவனின் நம்பரைச் சொன்னாள். டீச்சரின் கார் முக்குத் திரும்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

தனேஸ்வரன் மெஷின் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவள் அவரிடம் கேட்கவே இல்லை.

தௌக்கே மெஷினைப் பற்றிச் சொன்னபோது சரளாவின் வாயிலிருந்து வந்தது, "வீட்ல கேட்டுச் சொல்றேன் தௌக்கே" என்பதுதான். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சொல்வது. தவணைக்குத் தையல் மெஷின் விற்க வருகிறவனிடம் சொல்வார்கள், சங்கத்தில் பேர் கொடுக்கச் சொல்கிறவரிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தமிழ் ஆளாக இருந்தால் புரிந்துகொண்டு போய்விடுவான். தௌக்கே சீனர். நிஜமாகவே கேட்டுச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் சோறு போட்டாள். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. தனேஸ்வரன் ரசம் கேட்டார். ஊற்றினாள். கை கழுவினார், போய்விட்டார். மறுநாளும் அப்படியே. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இல்லை அது. சரி என்று சொல்லிவிட்டால்? கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். புது ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மூன்றாம் நாள் தௌக்கே, "வீடு என்னா சொல்லுச்சு, ஹீடோங்?" என்றபோது, "அவருக்கு இஷ்டம் இல்லையாம்" என்றாள். பக்கத்து ஸ்டூலில் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சரளா கணவனின் கைப்பேசியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து அரிசி வாளிக்குள் போட்டாள். வியாழக்கிழமை அரிசி எடுக்கப் போனவர் கண்ணாடியோடு திரும்பி வந்து, "அரிசி நல்லாத் தெரியுது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குனோங் ராபாட் வீட்டு முன்னால் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலை வெயில் மலைக்கு மேலே ஏறி வரும்வரை அங்கேதான் இருப்பார். சரளா கோப்பி கொண்டுவந்து வைத்தபோது கைப்பேசி அவர் கையில் இருந்தது.

"டீச்சரு அனுப்பியிருக்கு. வாசிக்கவா?"

"அப்புறம் வாசிக்கலாம். கோப்பி ஆறுது."

"ஆறட்டும்."

எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார். ஸ்டூல் வந்த கதைக்குச் சிரித்தார். பிறகு குரல் மெதுவானது. "'இயந்திரம் முதலில் மூத்த மருமகள் சரளாவுக்கே கிடைப்பதாக இருந்தது. கணவர் தனேஸ்வரன் மறுத்துவிட்டதால்…'"

எதிர்வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனான். சத்தம் அடங்கியதும் அவர் நிமிர்ந்தார்.

"சொந்தக்காரங்ககிட்ட நீ சொல்லிக்கிட்டு இருந்தது காத்தோட போச்சு, சரளா. இது அச்சு. எம் பேரு போட்டு வருது."

அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு… தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கே தெரியும். அந்தி நேரம் பாப்பா எங்கிட்ட வந்துச்சு. 'மாமா, நீங்க வேண்டாம்னுட்டீங்களாமே, அப்ப நான் எடுத்துக்கவா'ன்னு கேட்டுச்சு. எனக்கு என்னா மெஷின்னே தெரியாது."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஆமா, நாந்தான் வேண்டாம்னேன், நீ எடுத்துக்கன்னேன். வேற என்னா சொல்லச் சொல்ற? எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீ பொய் சொன்னன்னு ஆயிடும். புதுசா வந்த பொண்ணு முன்னால."

"என்னியக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம். நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." ஆறின கோப்பியைக் குடித்தார். "நீ கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

சரளா படியில் உட்கார்ந்தாள். முப்பது வருடம் இந்த மனுஷன் மச்சினன்மார்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனது அவள் நெஞ்சில் இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. அதற்கு முன்னால் வந்து நின்றது வேறு. அவளுடைய வீட்டில்கூட, அவளுடைய புருஷனிடம்கூட, வந்து கேட்டவள் பாப்பாதான். அதையும் அவளே செய்துவிட்டிருக்கிறாள். வயிறு எரிந்தது.

"பன்னெண்டுக்குள்ள சொல்லணுமாம்" என்றார் தனேஸ்வரன். "சரின்னு அனுப்பிடவா? எனக்கு ஒன்னும் இல்ல. பழகிப் போச்சு. நீ சொல்றதுதான்."

சரின்னு அனுப்புங்க என்று சொன்னால் போதும். மலரில் அவள் பெயர் வரும். மெஷின் எனக்குத்தான் வந்தது என்பது சிலிபின் முழுக்கத் தெரியும். பாப்பாவின் இரண்டு பக்கத்தில் ஒரு ஓட்டை விழும். எத்தனை வருடத்து ஆசை அது. அவள் கணவனின் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. இன்னும் அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தது.

"எப்படிப் பேசி அனுப்புறது?" என்றாள்.

அவர் காட்டினார். இந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே பேச வேண்டும். விட்டால் போய்விடும்.

முதல் தடவை அழுத்தியபோது மூச்சு மட்டும் போயிற்று. இரண்டாம் தடவை எழுந்து நின்று பேசினாள்.

"டீச்சர், நான் சரளா பேசுறேன். அந்த மெஷின் எடத்துல தப்பாச் சொல்லிட்டேன். அவரு வேண்டாம்னு சொல்லல. நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல. கேக்க பயந்துக்கிட்டுக் கேக்கல. பாப்பா வந்து கேட்டுச்சு, எடுத்துக்கிச்சு. அப்படியே போடுங்க." விரலை எடுக்கப் போனவள், மறுபடியும் அழுத்தினாள். "ஆனா கொப்பர மோந்து பாக்குறது இன்னைக்கு வரைக்கும் நாந்தான். அதையும் போடுங்க. மறந்துடாதீங்க."

தனேஸ்வரன் கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கோப்பி இன்னொன்னு போடு" என்றார்.

குடமுழுக்கன்று மலர் எல்லோர் கையிலும் இருந்தது. பாப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை நீட்டியதும் சொன்னபடியே அழுதுவிட்டாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சரளா எண்ணெய்ப் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அழுதால்கூடக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தாள். பாப்பா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மலரைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"மூக்குக்கு நாலு வரி போட்டிருக்காங்கக்கா. என் வாய்க்கு ஒரு வரிதான்."

"உன் வாயத்தான் ஊரே பாக்குதே. வரி வேற வேணுமா?"

பாப்பா சிரித்தாள். சேலை முனையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு பாத்தீங்களா" என்றாள்.

"என் புருஷன் எனக்காகச் சொன்னாரு. உனக்கென்னா?"

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தொட்டு, படம் பிடித்து. வழக்கம்போல எல்லார் கண்ணும் சரளாவின் தோளைத் தாண்டிப் போனது. வழக்கம்போல எரிந்தது. மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி இறக்கையில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் காட்டியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பார்த்த முகமில்லை. கையில் மலர், விரல் பக்கத்துக்குள் செருகியிருந்தது. பாப்பாவைத் தாண்டி நேராகச் சரளாவிடம் வந்தாள்.

"நீங்கதானா அந்தக் கேக்காத ஆளு?"

சரளா தரையைப் பார்த்தாள்.

"நானும்தான்க்கா" என்றாள் அந்தப் பெண். "ஆஸ்பத்திரியில வேல கெடச்சிச்சு, இருபத்திரெண்டு வயசுல. வீட்ல கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கேன்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கப்பா வேண்டாம்னுட்டாருன்னுதான் என் பிள்ளைங்க நெனச்சிக்கிட்டு இருக்கு. செத்துப் போன மனுஷன்."

பாப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. யார் இது, என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த முகத்தைச் சரளாவுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

பார்க்கட்டும் என்று, சரளா பக்கத்து நாற்காலியை இழுத்துத் தன் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "என்னா ஆஸ்பத்திரி? மொதல்லேர்ந்து சொல்லுங்க."